ரயிலடி – ஆலைத்தெரு இணைப்பு

ஜூன் 3

ஆலைத்தெரு கால்பந்து அணியின் செயலாளர் அவர்களுக்கு,

லீக் அலுவலகத்தின் சுற்றறிக்கை உங்களுக்கும் வந்திருக்கும். சென்ற பருவத்தில் மூன்று ஆட்டங்களுக்கு மேல் பதினோரு பேரை இறக்க முடியாத அணிகள் இந்தப் பருவத்தில் தனியாகப் பதிவு செய்ய முடியாது. அந்தப் பட்டியலில் இரண்டே பெயர்கள். ஒன்று நாங்கள், இன்னொன்று நீங்கள்.

எங்களிடம் எட்டு ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், மைதானம் இருக்கிறது, கோல்கீப்பர் இல்லை. உங்களிடம் கோல்கீப்பரோடு சேர்த்து ஒன்பது பேர். ஆலைக்காரர்கள் கிடங்கு கட்டியதிலிருந்து உங்களுக்கு மைதானம் இல்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு அணிகள் இணைந்து ஒரே அணியாகப் பதிவு செய்யலாம் என்று சுற்றறிக்கையின் நாலாவது பத்தி சொல்கிறது. இரு செயலாளர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஜூன் 30-க்குள் போய்ச் சேர வேண்டும். உங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்.

எழுத்தில் இருப்பது நல்லது என்பதால் தொலைபேசியில் அழைக்கவில்லை. நேரில் வராததற்கான காரணம் உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
செயலாளர், ரயிலடி கால்பந்து அணி

*

ஜூன் 7

செயலாளர் அவர்களுக்கு,

சொந்தத் தங்கையின் புருஷனுக்கு 'செயலாளர் அவர்களுக்கு' என்று எழுத எத்தனை பேருக்கு வரும்? பார்சல் ஆபீஸ் வேலை உங்களை நன்றாகத்தான் பழக்கியிருக்கிறது. நானும் அப்படியே தொடங்கியிருக்கிறேன். மரியாதையில் யாரும் யாருக்கும் குறைவைக்க வேண்டாம்.

உறையை முதலில் பார்த்தவள் உங்கள் தங்கைதான். கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் நேரே பட்டறைக்கு எடுத்து வந்துவிட்டாள். நான் லேத்தில் நின்றிருந்தேன். "அண்ணன் எழுதியிருக்கான். அப்பாவுக்கு எதாவதா, பாருங்க" என்றாள். என் கையெல்லாம் எண்ணெய், நீயே பிரி என்றேன். படித்துவிட்டு, "பந்துதான்" என்று சொல்லி, காகிதத்தை ஸ்பேனருக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இணைப்புக்கு எங்கள் ஆட்கள் சம்மதம். வேறு போக்கிடம் இல்லை என்பதை நான் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பயிற்சி செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரைக்கு மேல் இருக்கட்டும். பாதிப் பேருக்குப் பகல் ஷிப்ட், பேருந்தில் வர நாற்பது நிமிடம் ஆகும். ஜெர்சி உங்களுக்குப் பச்சை, எங்களுக்குச் சிவப்பு. சட்டை பச்சையாகவும் கால்சட்டை சிவப்பாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். கோல்கீப்பர் இல்லை என்றீர்கள். எங்களுடையவர் அடுமனையில் வேலை செய்கிறார். அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். சென்ற பருவத்தில் முப்பத்தொரு கோல் வாங்கினார். பெயர் வைத்தவர் என்ன மனதோடு வைத்தாரோ தெரியாது.

ஒரு கேள்வி. எங்கள் ஆட்கள் வந்தால் அவர்களோடு நானும் வருவேன். மைதானத்துக் கேட்டின் சாவி உங்கள் அப்பாவிடம் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் அமலில் இருக்கிறதா?

செயலாளர், ஆலைத்தெரு

*

ஜூன் 11

செயலாளர் அவர்களுக்கு,

பயிற்சி நாள்கள் சரி. ஜெர்சியும் சரி. எங்கள் கேப்டன் தையல்காரர் என்பதால் அளவெடுப்பதை அவரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் கேள்வியை அப்பாவிடம் கேட்டேன். அவர் எங்கள் அணியின் தலைவர் என்ற முறையிலும் கேட்க வேண்டியிருந்தது. அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "எவன் வேணா வரட்டும். கோடாலி மட்டும் அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது. என் பிள்ளை காலை ஒடைச்சு, சிட்டி டீமுக்குப் போக வேண்டியவனைப் பார்சல் கட்ட வச்சவன்." அந்தப் பட்டப்பெயரை எழுத நேர்ந்ததற்கு வருந்துகிறேன். எங்கள் ஆட்டக்காரர்களில் மூன்று பேரும் இதே கருத்தில்தான் இருக்கிறார்கள்.

எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. ஒப்பந்தத்தில் இணைச் செயலாளர் என்று உங்கள் பெயர் இருக்கட்டும். முதல் பருவம் முடியும்வரை நீங்கள் மைதானத்துக்கு வராமல் இருந்தால் போதும். தற்காலிகமாகத்தான். அணிகள் பிழைக்க வேண்டும் என்பதை மனதில் வைத்துப் பதில் எழுதவும்.

செயலாளர், ரயிலடி

*

ஜூன் 14

மச்சானுக்கு,

செயலாளர்கள் பேச வேண்டியது முடிந்துவிட்டது போலிருக்கிறது. அதனால் உறவுமுறையிலேயே எழுதுகிறேன்.

பாம்பும் சாகாமல் கம்பும் முறியாமல் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறீர்கள். என் பெயர் வரலாம், நான் வரக் கூடாது. ஒன்பது வருடமாக நடப்பதும் அதுதானே? நான் உங்கள் ஊர்ப் பக்கமே வருவதில்லை, என் பெயர் மட்டும் தெருத்தெருவாகத் திரிகிறது. இப்போது இங்கேயும் வந்துவிட்டது. சென்ற மாதம் பள்ளிக்கூட வேனில் ஒரு பிள்ளை என் மகளிடம், "நீ கோடாலி பொண்ணுதானே?" என்று கேட்டிருக்கிறது. இவளுக்கு எட்டு வயது. "நம்ம வீட்ல கோடாலியே இல்லையேப்பா" என்று என்னிடம் வந்து சொன்னாள்.

"அவன்கூட இருக்கிற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காத" என்று உங்கள் அப்பா சொன்னதை உங்கள் தங்கை மீறியதில்லை. நாலு வருடத்துக்கு முன் உங்கள் அம்மா இறந்த அன்று மட்டும் போனாள். நான் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, "அப்பா நிமிர்ந்தே பாக்கல" என்றாள்.

இப்போது நான் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஈரத் தரையில் கால் வழுக்கியது, பந்துக்குத்தான் போனேன் என்று லீக் விசாரணையில் சொன்னேன். ஒரு வருடத் தடையோடு விட்டார்கள். நொண்டிக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். இங்கே சறுக்கியதாகச் சொன்னவன் நான், நொண்டியானது நீங்கள். மச்சான், எனக்குக் கால் வழுக்கவில்லை. நான் உங்கள் காலுக்குத்தான் வந்தேன்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டிலும் சிட்டி டீம் பேச்சுதான். கல்யாணமாகி ஒரு வருடம். உங்கள் தங்கை வாய் திறந்தால் அண்ணன் பெருமை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என் கால் இடுக்கில் இரண்டு தடவை பந்தைத் தட்டிக்கொண்டு போனீர்கள். சுவர்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். மூன்றாவது தடவை விழ வைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். விழ வைக்கத்தான். எலும்பு முறிகிற சத்தம் என் கணக்கில் இல்லை. இது உங்கள் தங்கைக்கும் தெரியாது.

ஒரு மனிதனின் எதிர்காலத்தைக் கெடுத்தவன் கேட்டுக்கு வெளியே நிற்பது நியாயம்தான். ஒப்பந்தத்தை அனுப்புங்கள். நான் வரமாட்டேன் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

*

ஜூன் 21

மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். மூன்று முறை எழுதத் தொடங்கி நிறுத்தினேன். முதல் இரண்டும் உங்களை மன்னிப்பதாக முடிந்தன. அதனால்தான் அனுப்பவில்லை.

நீங்கள் காலுக்குத்தான் வந்தீர்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும். வருகிறவன் முகத்தை விழுகிறவன் பார்க்காமல் இருக்க முடியாது. எனவே உங்கள் கடிதத்தில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும்.

சிட்டி டீமின் பதில் எனக்கு அந்த ஆட்டத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டு முகவரி கொடுத்தால் அப்பா பிரித்துவிடுவார் என்று, அப்போது நான் தற்காலிகமாக வேலை பார்த்த பார்சல் ஆபீஸ் முகவரியைக் கொடுத்திருந்தேன். நாலே வரி. தேர்வு ஆட்டத்தில் கலந்துகொண்டதற்கு நன்றி. இந்தப் பருவத்துக்குத் தங்களைச் சேர்த்துக்கொள்ள இயலவில்லை. வரும் பருவத்திலும் வாய்ப்பு இருக்கும் என்று தோன்றவில்லை. வாழ்த்துகள்.

அதற்குள் அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். ஞாயிறு ஆட்டம் முடியட்டும், திங்கள்கிழமை சொல்லலாம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு உங்களைப் பார்த்துச் சிரித்தது கர்வத்தால் அல்ல. என்னை வேண்டாம் என்றவர்கள் பார்க்க வேண்டும் என்று நினைத்து ஆடினேன். சுவரில் அவர்கள் யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "சிட்டி டீமுக்குப் போக வேண்டியவன்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. பொய் என்று ஒரு வார்த்தைகூட நான் சொன்னதில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். முதல் வாரம் சொல்ல முடியவில்லை. ஆறு மாதம் கழித்துச் சொன்னால், ஏன் ஆறு மாதம் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அப்புறம் அது வருடமாகிவிட்டது. எட்டாவது மாதம் டாக்டர், மெதுவாக ஆடலாம் என்றார். நான் ஆடவில்லை. ஆடினால் நான் எவ்வளவு சாதாரண ஆட்டக்காரன் என்பது தெரிந்துபோகும்.

காலை முறித்தது நீங்கள்தான். ஆனால் நீங்கள் கெடுத்ததாகச் சொல்கிற எதிர்காலம் எனக்கு இருந்ததே இல்லை. அப்பாவிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு வயதாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
மச்சான்

*

ஜூன் 24

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். அதற்கு முன்னால், வழுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். ஒரே நாளில் இரண்டையும் கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து, "வெள்ளிக்கிழமையேவா?" என்றாள். ஆமாம் என்றேன். இன்னும் இரண்டு துணி மடித்தாள். மறுபடியும், "வெள்ளிக்கிழமையேவா?" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் ஆம்பளைங்க, ஆளுக்கொண்ண மறைச்சீங்க. நடுவுல எனக்குத்தான் வீடு இல்லாம போச்சு" என்றாள். அன்றிலிருந்து என்னிடமும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. குழந்தையை விட்டுத்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "அம்மாவுக்குத் தெரியுமா?" இதற்கு மட்டும் நேரான பதில் வேண்டுமாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நீங்கள் ஒன்பது வருடம் மறைத்திருக்கிறீர்கள், திறமைதான். எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். பட்டறையில் இரண்டு நாளாகத் தப்புத் தப்பாகக் கடைகிறேன்.

நான் செய்த ஃபவுலை நான் ஒத்துக்கொண்டேன். அதை யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்லுவேன். உங்களுடையதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொல்ல மாட்டேன். அவகாசம் கேட்டீர்கள். லீக்குக்கு முப்பதாம் தேதி கடைசி நாள். உங்களுக்கும் அதுவே இருக்கட்டும். சென்ற கடிதத்தில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நான் வெளியே நிற்பதாக எழுதிய எந்தக் காகிதத்திலும் இனி கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

*

ஜூன் 29

மாப்பிள்ளைக்கும் தங்கைக்கும்,

நேற்று மாலை கிளப் அறையில் பொதுக்குழு கூடியது. அப்பாவையும் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். இணைப்புத் தீர்மானத்தைப் படித்துவிட்டு, உட்காராமல் நின்றபடியே சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்பா நம்பவில்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. "தங்கச்சி புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்றான்" என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "இருந்தா அந்த லெட்டரைக் காட்டு" என்றார். அந்தக் கடிதம் என்னிடம் இல்லை. மருந்துக்கடைக்காரர் எங்கள் துணைத்தலைவர். சிட்டி டீமுக்கே எழுதிக் கேட்டுவிடலாமே என்றார். அப்போது தையல்காரர் தயங்கித் தயங்கி, "கேக்க வேணாம். அப்பவே எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. அண்ணன் நல்லாத்தான் ஆடுவாரு, ஆனா இடது காலைப் பஸ் ஏறத்தான் யூஸ் பண்ணுவாரு" என்றார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததைப் பார்த்துத்தான் அப்பா முகம் மாறியது. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

தீர்மானம் நிறைவேறியது. ஏழு பேர் ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. நான் வாக்களிக்கவில்லை. எந்த நிபந்தனையும் இல்லாத ஒப்பந்தம் இத்துடன் இருக்கிறது. தபாலை நம்ப நேரமில்லை, தையல்காரர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். செயலாளராக நானும், தலைவருக்குப் பதில் துணைத்தலைவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். நீங்களும் போட்டு நாளைக்குள் லீக் அலுவலகத்தில் நேரிலேயே கொடுத்துவிடுங்கள்.

இனி தங்கைக்கு.

அம்மாவுக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் சட்டையைத் துவைக்க எடுத்திருக்கிறாள். பையில் இருந்த கடிதத்தைப் படித்துவிட்டு, மடித்து வைத்திருந்து, வீட்டுக்கு வந்த அன்று என்னிடம் கொடுத்தாள். "நீயே உங்கப்பாகிட்ட சொல்லிரு. நான் சொன்னா உன்னைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆகும்" என்றாள். சொல்கிறேன் என்றேன். அப்புறம் ஒவ்வொரு வருடமும் ஒரு தடவையாவது, "சொன்னியா?" என்று கேட்பாள். கடைசி வருடம் கேட்கவில்லை. அவள் போன பிறகு அந்தக் கடிதத்தை நான் கிழித்துப் போட்டேன். அதற்குத் தனியாக ஒரு காரணம் எழுதத் தெரியவில்லை.

நேற்று வீட்டுக்கு வந்து இதையும் அப்பாவிடம் சொன்னேன். பொதுக்குழுவில் நம்பாதவர் இதை நம்பிவிட்டார். "அவளுக்குமா தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அதிலிருந்து என்னிடம் பேசவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறோம். இன்று காலையும் மதியமும் அவர் சமைத்து மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

சந்திப்பு நிலையத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. மாற்றல் கேட்டிருக்கிறேன். இணைந்த அணிக்குச் செயலாளர் ஒருவர் போதும். அது நீங்களாக இருங்கள்.

இப்படிக்கு,
அண்ணன்

*

ஆகஸ்ட் 19

மச்சானுக்கு,

உங்கள் புது முகவரியைப் பார்சல் ஆபீஸில் கேட்டு வாங்கினேன். குவார்ட்டர்ஸில் தண்ணீர் வருகிறதா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் அணி விவரம்.

நாலு ஆட்டம் முடிந்துவிட்டது. ஒன்றில் வெற்றி, ஒன்று சமன், இரண்டு தோல்வி. பச்சைச் சட்டையையும் சிவப்புக் கால்சட்டையையும் பார்த்துவிட்டு ஊரே எங்களைத் தர்பூசணி என்கிறது. பதிவில் இருக்கிற நீளப் பெயரை ரெஃப்ரிகூடச் சொல்வதில்லை. பூட்டு ஒரு பெனால்டியைப் பிடித்தார். பிடித்தவருக்கே நம்பிக்கை வராமல் பந்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் பயிற்சி அன்று, பேருந்தில் வந்த ஒன்பது பேருக்கும் பின்னால் நான் போனேன். சாவி மறுபடியும் உங்கள் அப்பாவிடம்தான் இருக்கிறது. வேறு யார் காலையில் எழுந்து புல்லுக்குத் தண்ணீர் விடுவது என்று தையல்காரர் பொதுக்குழுவுக்கு மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். கேட்டின் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றேன். போ என்றால் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். என்னைப் பார்க்காமலேயே, "கேட்டைச் சாத்திட்டு வா. நாய் வந்துரும்" என்றார். சாத்திவிட்டு உள்ளே போனேன். ஒரு மாதம் அவ்வளவுதான் பேச்சு. செவ்வாயும் வெள்ளியும் அதே வாக்கியம்.

சென்ற திங்கள்கிழமை பட்டறை வாசலில் வந்து நின்றார். தனியாகப் பேருந்து ஏறி வந்திருக்கிறார். நான் மெஷினை நிறுத்தினேன். "நீ வேணும்னேதான் அடிச்சியாமே?" என்று கேட்டார். தையல்காரரிடம் நான் சொல்லியிருந்தேன். அவர் வாயில் ரகசியம் நிற்குமா! ஆமாம் என்றேன். "அதை அன்னிக்கே சொல்லியிருந்தா என் கோவம் உன்னோட போயிருக்கும்" என்றார். அப்புறம், "கையைக் கழுவிட்டு வா. வீட்டைக் காட்டு" என்றார்.

உங்கள் தங்கை கதவைத் திறந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "வாங்க" என்று சொல்லிவிட்டு, விருந்தாளிக்குப் போடுவது போல நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அது அவருக்கு உறைத்தது, உட்காரவில்லை. "உங்கம்மாவுக்குத் தெரியும்னு உனக்குத் தெரியுமா?" என்றார். "இப்பத்தான் தெரியும்" என்றாள். "எனக்கும் இப்பத்தான்" என்றார் அவர். அதற்கப்புறம்தான் உட்கார்ந்தார். குழந்தை வந்து, யாரு என்று கேட்டாள். உன் அம்மாவோட அப்பா என்றேன். அவள் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிட்டாள். அடுத்த நாள் அவளுக்குப் பரீட்சை. ஒரு மணி நேரம் வகுத்தல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நிறையத் தப்பு என்று மறுநாள் டீச்சர் சொன்னாராம்.

உங்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானாகவும் எடுக்கவில்லை. என்னைப் பார்த்துப் பேசாமல் இருந்த ஒன்பது வருடத்தை இனி உங்கள்மேல் இறக்கிவைப்பார் போலிருக்கிறது. அவ்வளவு காலம் எடுக்காது என்று நினைக்கிறேன். அவரிடம் அவ்வளவு காலம் இல்லை.

வருகிற ஞாயிறு எங்களுக்கு ஆட்டம் இல்லை. இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டே உங்கள் தங்கையிடம், அண்ணனுக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க" என்றாள். உள்ளே போய், மறுபடியும் எட்டிப் பார்த்து, "பேசுவேனான்னு இப்ப சொல்ல முடியாதுன்னும் எழுதுங்க" என்றாள்.

இரண்டையும் எழுதிவிட்டேன். சந்திப்பிலிருந்து முதல் பேருந்து ஏழே காலுக்கு.

இப்படிக்கு,
மாப்பிள்ளை